எங்கே பதில் சொல்வது, எங்கே நிறுத்துவது: வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் விசுவாசத்தைப் பற்றி நடக்கிற வாக்குவாதங்களைக் குறித்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம் என்பதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், சிலர் எழுதியது வீட்டிலேயே தெரியாது.

கேள்வி: ஐயா, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கிறேன். பேஸ்புக்கில் ஒரு மத விவாதக் குழுவில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை அங்கேதான். போன வாரம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்துக்கு ஆதாரமாக 1 யோவான் 5:7-ஐப் போட்டேன். அந்த வசனம் பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது, பிற்காலத்தில் சேர்த்தது என்று ஒருவர் படத்தோடு போட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாரும் சிரிப்பு எமோஜி போட்டார்கள். இப்போது விலகினால் ஓடிப்போய்விட்டான் என்பார்கள். 'மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவன் எவனோ, அவனை நானும் மறுதலிப்பேன்' என்று இயேசு சொன்னது வேறு குத்துகிறது. நான் என்ன செய்ய? (பெரம்பூர் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் அந்த வசனத்தை முடித்துவிடுவோம். அவர் சொன்னது சரி. 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி' என்கிற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, லத்தீன் வழியாக உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த பாடத்தைத்தான் 1611-ல் வந்த ஆங்கில வேதாகமமும், நம் வீடுகளில் இருக்கிற பழைய தமிழ் வேதாகமமும் பின்பற்றின. திருவிவிலியம் என்கிற புதிய தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள், அந்த வரி அங்கே இருக்காது. மாற்கு 16-ன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் சம்பவமும்கூட, சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி என்று சொல்லப்படுகிற 4-ஆம் நூற்றாண்டுப் பிரதிகளில் இல்லை. இதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இறையியல் கல்லூரியில் படிக்கிற எவருக்கும் இது தெரியும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை, அதனால்தான் நம் பிள்ளைகள் இதை முதல்முதலாக ஒரு எதிராளியின் வாயிலிருந்து கேட்டு ஆடிப்போகிறார்கள். இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

சரி, திரித்துவம் விழுந்துவிட்டதா? இல்லை. கி.பி. 325-ல் நிக்கேயா பட்டணத்தில் கூடி இதைப் பற்றி வாதாடிய கிரேக்கச் சபைப் பிதாக்கள் இந்த வரியை ஒருபோதும் எடுத்துக் காட்டவில்லை, அவர்கள் கையில் இருந்த பிரதிகளில் அது இல்லவே இல்லை. அவர்கள் யோவான் முதலாம் அதிகாரத்திலிருந்தும், மத்தேயு 28:19-லிருந்தும் பேசினார்கள். ஆகவே அந்தக் குழுவில் போய் இதை மட்டும் எழுதுங்கள்: 'அந்த வசனத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, பார்த்தேன். இனி அதை ஆதாரமாகக் காட்டமாட்டேன். நான் திரித்துவத்தை நம்புவது இந்த இந்த வசனங்களால்.' இரண்டு மூன்று வரி போதும். சிரித்தவர்கள் இன்னொருமுறை சிரிக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது, இந்தப் பையன் உண்மையைக் கண்டால் ஒப்புக்கொள்கிறானே என்று கவனிப்பார்.

மறுதலிப்பதைப் பற்றி. பேதுரு மறுதலித்தது எப்போது? 'நீயும் அவனோடு இருந்தாய்' என்று ஒரு வேலைக்காரி நேராகக் கேட்டபோது 'நான் அறியேன்' என்றான், அதுதான் மறுதலிப்பு. இரவு ஒரு மணிக்கு நாற்பதாவது கமெண்ட்டுக்குப் பதில் போடாமல் படுத்துத் தூங்குவது அது ஆகாது. நீங்கள் கிறிஸ்துவின் ஆள் என்பது அந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும், நீங்கள் அதை மறைக்கவில்லை.

நிறுத்துவது தோல்வி என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, வேதத்தில் அப்படி இல்லை. அப்போஸ்தலர் 17-ல் பவுல் ஏதென்ஸ் பட்டணத்தில் படித்தவர்கள் நடுவில் நின்று, அவர்களுடைய புலவர்களின் வரிகளையே எடுத்துப் பேசுகிறான். உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் கேலி செய்கிறார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்கிறார்கள். அடுத்த வசனம் என்ன தெரியுமா? பவுல் அவர்களை விட்டுப் போய்விட்டான். கேலி செய்தவர்களை மடக்கிவிட்டுப் போவோம் என்று நிற்கவில்லை. அதற்கு அடுத்த வசனத்தில் தியொனீசியுவும் தாமரி என்ற ஸ்திரீயும் விசுவாசித்தார்கள் என்று இருக்கிறது. எபேசுவில் மூன்று மாதம் ஜெப ஆலயத்தில் பேசினான், சிலர் கடினப்பட்டுத் தூஷித்தபோது அவர்களை விட்டு விலகி, திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் கேட்க வந்தவர்களோடு பேசினான். இயேசுவே, எந்த அதிகாரத்தால் செய்கிறீர் என்று கேட்டவர்களிடம் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டார், அவர்கள் மழுப்பினதும் 'நானும் உங்களுக்குச் சொல்லேன்' என்று முடித்துக்கொண்டார். ஏரோது எத்தனையோ கேட்டான், ஒன்றுக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கேட்டால், எதிரே இருப்பவர் உங்கள் பதிலைப் படிக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி உழைத்து எழுதுகிறீர்கள், அவர் அதைத் தொடாமல் சிலுவைப் போருக்குத் தாவுகிறார், அதற்கு எழுதினால் போப்பாண்டவருக்குத் தாவுகிறார், அதற்கும் எழுதினால் யாரோ ஒரு பாஸ்டரின் கார் விலைக்கு வருகிறார். அவருக்குப் பதில் தேவையில்லை. தீத்து 3:10-ல் இரண்டொரு தரம் புத்தி சொன்ன பின்பு விலகு என்றிருக்கிறது, அது சபைக்குள் பிரிவினை செய்கிறவனைப் பற்றியது என்றாலும் அந்தக் கணக்கு இங்கேயும் நல்ல கணக்குத்தான். இன்னொன்று உங்களுக்குள்ளே பார்க்க வேண்டியது. போனில் நோட்டிஃபிகேஷன் வந்ததும், இவர் என்ன கேட்கிறார் என்று தோன்றுகிறதா, இவர் எங்கே தப்பு விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் நிறுத்திவிடுங்கள், நீங்கள் சொல்வது அத்தனையும் சரியாக இருந்தாலும் நிறுத்துங்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதில் உத்தரவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை.

அப்புறம், தூக்கம். காலையில் சோழிங்கநல்லூர் சிக்னலில் பைக்கில் நிற்கிறவர் நீங்கள். பத்து மணிக்கு மேல் எதற்கும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டபோது ஒரு நாள் குறைந்தது, யோசுவா சூரியனை நிறுத்திய நாள்தான் அது என்று எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இதை விவாதத்தில் பயன்படுத்தலாமா? (கொளத்தூர் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். அப்படி ஒன்று நடக்கவில்லை, நாசாவே மறுத்த பழைய கதை. டார்வின் சாகும்போது மனந்திரும்பினார் என்பதும் இதே ரகம், அவருடைய மகளே அது பொய் என்று எழுதியிருக்கிறார். பொய்யால் சத்தியத்துக்கு முட்டுக் கொடுக்க முடியாது. உங்கள் குழுவில் அதை அனுப்பியவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டு, மரியாதையாகச் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள், பெரியவராக இருந்தால் போனில் பேசுங்கள்.

கேள்வி: இயேசுவின் சீஷர் தோமா சென்னைக்கு வந்தது போர்ச்சுக்கீசியர் கட்டிய கதை, ஆதாரம் ஒன்றும் இல்லை என்று ஒருவர் திரும்பத் திரும்பப் போடுகிறார். சாந்தோம் கோவிலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. (மந்தைவெளி வாசகி)

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது சகோதரி. ஆனால் இதில் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வோம். தோமா மயிலாப்பூருக்கு வந்தார் என்பதற்கு முதல் நூற்றாண்டுக் கல்வெட்டோ ஏடோ கிடையாது. கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார், 72-ல் இங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பாரம்பரியம், கேரளக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருப்பது. தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்கிற பழைய சிரியாக் நூல் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வருகிற கொந்தபரஸ் என்ற ராஜா கற்பனை என்று நினைத்திருந்தார்கள், 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், இங்கே இல்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே நேரம், போர்ச்சுக்கீசியர் கட்டிய கதை என்பது நிற்காது. வாஸ்கோ ட காமா 1498-ல்தான் வருகிறார். அதற்கு இருநூறு வருஷம் முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மார்க்கோ போலோ இந்தக் கரையில் தோமாவின் கல்லறை இருப்பதையும் ஜனங்கள் அங்கே யாத்திரை வருவதையும் எழுதியிருக்கிறார். பரங்கிமலையில் 1547-ல் கிடைத்த கற்சிலுவையில் இருக்கிற எழுத்து பஹ்லவி, பாரசீகத்து எழுத்து. போர்ச்சுக்கீசியருக்கு அதைப் படிக்கவே தெரியாது. ஆக, அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரே பதிலாக எழுதி, 'பாரம்பரியம் இது, சான்று இவ்வளவு' என்று பிரித்துப் போட்டுவிட்டு விடுங்கள். அவர் நாளைக்கும் அதையே போடுவார். நீங்கள் நாளைக்கும் எழுத வேண்டியதில்லை. நம் இரட்சிப்பு மயிலாப்பூர்க் கல்லறையின் மேல் கட்டப்பட்டதும் இல்லை.

கேள்வி: பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி அடிக்கடி ஃபார்வர்டு போடுகிறாள். 'அரிசி மூட்டைக்கு மதம் மாறினவங்க' என்று. என்னைத்தான் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பதில் கொடுத்தால் சண்டை, கொடுக்காவிட்டால் அவமானம். (குரோம்பேட்டை ஆசிரியை)

பதில்: டீச்சர், இது வேத விவாதம் இல்லை, வசவு. இதற்கு வசனமும் ஆதாரமும் எடுத்துப் போட்டால் வசவை ஒரு வாதமாக நாமே ஏற்றுக்கொண்டது போல ஆகிவிடும். ஆனால் ஒருமுறை பேசத்தான் வேண்டும், முழுக்க மௌனமாக இருந்தால் மற்ற தோழிகளுக்கு இது சரிதான் போல என்றாகிவிடும். உங்கள் குடும்பத்துக் கதை தெரிந்தால் அதையே சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'இது எங்கள் குடும்பத்தைக் குறிக்கிற பேச்சு, எனக்கு வலிக்கிறது, இந்தக் குழுவில் வேண்டாம்' என்று மட்டும் போடுங்கள். மன்றாட வேண்டாம், ஏச வேண்டாம்.

உங்கள் மனசுக்காக ஒன்று சொல்கிறேன். 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சி கிடைத்தது என்பது உண்மைதான். பசித்தவன் கஞ்சி குடித்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கஞ்சி கொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்திலும் உட்கார வைத்தார்கள், பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தார்கள். பஞ்சம் போய் நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தக் குடும்பங்களில் எத்தனையோ இன்றும் விசுவாசத்தில் இருக்கின்றன, அரிசிக்காக வந்தவர்கள் அரிசி தீர்ந்ததும் போயிருக்க வேண்டுமே. நம் சபைகளுக்குள் சாதி இன்னும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் மறுக்காதீர்கள். அது உண்மை, அதற்கு நாம் தேவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

குழுவில் சொன்ன பிறகு அந்தத் தோழிக்கு நேராகப் போன் செய்யுங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தானே. பலபேர் கையில் போனை வைத்துக்கொண்டு ஃபார்வர்டு பட்டனை அழுத்துகிறபோது எதிரில் ஒரு ஆள் இருப்பதே மறந்துபோகிறது, குரலைக் கேட்டால் ஞாபகம் வரும். அதற்கும் மாறவில்லை என்றால் குழுவை மியூட் செய்துவிட்டு, மற்றத் தோழிகளோடு தனியாகப் பழகுங்கள்.

கேள்வி: அவர்கள் நம் ஆண்டவரைக் கேலி செய்கிறார்கள். நாமும் அவர்கள் புராணங்களில் இருக்கிறதை எடுத்துப் போட்டால் என்ன தப்பு? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: தப்பு. எபேசு பட்டணத்தில் தியானாள் தேவிக்காகப் பெரிய கலகம் நடந்தபோது அந்த ஊர் அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, இந்த மனுஷர் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்றான். அப்போஸ்தலர் 19:37. பவுல் அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் பிரசங்கித்த பிறகு ஊர்க்காரன் கொடுத்த சாட்சி அது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பற்றி அப்படிச் சொல்வாரா?

நம் தமிழர் சரித்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர், அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் வந்தது. அந்தக் காலத்து மிஷனரிகள் சைவத்தைத் தாக்கி எழுதி எழுதி, கடைசியில் 1854-ல் அவர் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். நம் வேதத்தை வரி வரியாகப் படித்தவர் எழுதிய மறுப்பு அது. நாம் தூஷித்ததால் நமக்குக் கிடைத்தது அது. இதற்கு நேர் மாறாக சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி, 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினவர், தமிழர்களிடம் கேள்வி கேட்டு எழுதி வாங்கினார், அவர்கள் ஏடுகளைச் சேர்த்துப் படித்தார், 1713-ல் அவர்களுடைய தெய்வங்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அச்சேறாமல் கிடந்து 1867-ல் இங்கே சென்னையில்தான் வெளிவந்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

சட்டமும் இருக்கிறது. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவில் வரும், மூன்று வருஷம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஏ தான், 2024 ஜூலை முதல் எண் மாறியிருக்கிறது. நீங்கள் கோபத்தில் எழுதி அழித்துவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட் அழியாது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வருஷம் புற்றுநோயில் இறந்துவிட்டார். சுகமாகிவிட்டது என்று ஜெபக்குழுவினர் சொல்லியிருந்தார்கள். இப்போது கல்லூரியில் படிக்கிற என் மகன் பேஸ்புக்கில் ஊழியக்காரர்களையும் ஜெபத்தையும் கிண்டல் செய்து எழுதுகிறான். நான் அங்கேயே வசனங்களைப் போட்டுப் பதில் எழுதுகிறேன். சபை சகோதரிகளும் வந்து அவனைப் பிசாசு பிடித்தவன் என்றெல்லாம் எழுதிவிட்டார்கள். இரண்டு வாரமாக என்னோடு பேசுவதில்லை. (வியாசர்பாடி, ஒரு தாய்)

பதில்: அம்மா, இன்றைக்கே அங்கே எழுதுவதை நிறுத்திவிடுங்கள். சகோதரிகளிடமும் நிறுத்தச் சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள், அவர்கள் வருத்தப்பட்டால் படட்டும்.

உங்கள் மகன் தர்க்கம் செய்யவில்லை. அப்பா ஏன் செத்தார் என்று கேட்கிறான். சுகமாகிவிட்டது என்று சொன்னார்களே, பொய்யா என்று கேட்கிறான். வீட்டில் கேட்க முடியாததால் ஊருக்கு முன்னால் கேட்கிறான், அவ்வளவுதான். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். பிறகு வாயைத் திறந்து, தேவனுக்காக வக்காலத்து வாங்கி அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். யோபுவோ தன் பிறந்த நாளைச் சபித்தான், தேவனோடு வழக்காடுவேன் என்றான். கடைசியில் தேவன் என்ன சொன்னார்? 42:7-ஐப் படியுங்கள். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்று அந்த சிநேகிதரிடம் கோபப்பட்டார். தமக்காகப் பேசினவர்கள்மேல் கோபப்பட்டார் அம்மா, தம்மைக் கேள்வி கேட்டவன்மேல் அல்ல.

அவனிடம் போங்கள். 'சுகமாகிவிட்டது என்று அவர்கள் சொன்னது தப்பு, அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை' என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது தேவனுக்கு விரோதமான பேச்சு இல்லை. உங்களுக்கும் ஏன் என்று தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தாவீது பாடினது வேதத்தில்தான் இருக்கிறது, உங்களுக்கும் அழ இடம் உண்டு. சபைக்கு வா என்று இப்போது கூப்பிட வேண்டாம். சாப்பாடு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அவன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள், கோபமாகப் பேசினாலும். உங்கள் ஆயர் நிதானமான ஆளாக இருந்தால் அவரிடம் சொல்லி வையுங்கள், அவனாகக் கேட்டால் மட்டும் பேசட்டும். அவன் தூங்காமல், சாப்பிடாமல், படிப்பையும் விட்டுவிட்டு முடங்கிப்போனால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வெட்கப்பட வேண்டாம், கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, செலவுக்குப் பயப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் முகவரி இருந்தது. விருப்பம் இருந்தால் எழுதுங்கள், நம் ஆசிரியர் குழுவில் ஒருவரை உங்களோடு பேசச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு கிறிஸ்தவர் இன்னொருவரை பிளாக் செய்யலாமா? மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே. (திருவொற்றியூர் வாசகி)

பதில்: செய்யலாம். மன்னிப்பது வேறு, தினமும் வந்து ஏசுவதற்குக் கதவைத் திறந்து வைப்பது வேறு. முக்கியமாகப் பெண்களுக்கு இன்பாக்ஸில் வந்து அசிங்கமாக எழுதுகிறவர்களிடம் சாட்சி சொல்கிறேன் பேர்வழி என்று பேசிக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள், மிரட்டல் இருந்தால் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள், வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். ஆனால் கருத்து வேறுபாட்டுக்காக மட்டும் பிளாக் செய்வதானால், அதற்கு முன்னால் நறுக்கென்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் பதில் போட முடியாமல் பிளாக் செய்வது வேண்டாம். 'இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை, நன்றி' என்று போட்டுவிட்டு, அவருக்கு வேண்டுமானால் ஒரு பதில் எழுத இடம் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.